ஆறாம் வாரத்துக் கண்ணீர்

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து வந்தது. இரண்டு பக்கம், பன்னிரண்டு பத்தி, கடைசியில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே ‘சட்டப்படியான வாரிசு’ என்று அச்சாகியிருக்கிறது. அந்தக் காகிதம் வரும்வரை நான் அக்காவுக்கு வாரிசு என்று எனக்குத் தெரியாது. தம்பி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

படிவம் வந்து பதினோரு நாள் ஆகிறது. வெள்ளிக்கிழமைக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். இன்று புதன். கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று தெரியாததால் கதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். மற்றவர்கள் இதற்கு வக்கீலைப் பார்ப்பார்கள்.

நான் எழுத்தாளன் அல்ல. பள்ளிப் பாடநூல்கள் அச்சிடும் அச்சகம் ஒன்றில் முப்பத்தோரு ஆண்டுகளாக மெய்ப்புப் பார்க்கிறேன். அடுத்தவர் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். அதனால் இந்தக் கதையில் நான் பாதியில் கைவிட்ட வாக்கியங்களை அழிக்காமல் பகர அடைப்புக்குள் விட்டிருக்கிறேன். பிழையைச் சுத்தமாக அழித்துவிட்டால், அங்கே பிழை இருந்தது என்பதற்கே சாட்சி இல்லாமல் போய்விடும். தொழில் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

[செய்தி அறை கொதித்துக்கொண்டிருந்தது. தொலைபேசிகள் அலறின. கையில் காகிதங்களோடு நிருபர்கள் இங்குமங்கும் ஓட, சுவரில் சிவப்பு எண்கள்—]

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன். இது நான் நேரில் பார்த்தது அல்ல, தொலைக்காட்சியில் பார்த்தது. அக்கா வேலை செய்த பத்திரிகை அலுவலகத்துக்கு நான் நூறு தடவையாவது போயிருப்பேன். அவள் மறந்துவிட்டுப் போன கண்ணாடி, குடை, ஒருமுறை ஒற்றைச் செருப்பு* ஆகியவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அங்கே யாரும் ஓடி நான் பார்த்ததில்லை. அவள் இருந்த இருபத்தொன்பது ஆண்டுகளில் ஒரே ஒருவர்தான் ஓடினாராம். அவருக்கு அன்று வயிறு சரியில்லை.

(* இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பைப் போட்டுக்கொண்டு போயிருந்தாள். ஜோடி சேர்க்க ஒன்று போதும் என்று போனில் சொன்னாள். எந்தக் கால் என்று சொல்லவில்லை.)

உண்மையான செய்தி அறை, சீட்டு வாங்கிவிட்டு டாக்டருக்காகக் காத்திருக்கும் கூடம்போல இருக்கும். இருபது இருபத்திரண்டு பேர், யாராவது போனை எடுப்பார்களா என்று காதில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். அமைச்சர் எடுக்க மாட்டார். காவல் நிலையத்தில் எடுப்பவர், ஐயா வெளியே போயிருக்கிறார் என்பார். நடுவில் ஏசியைக் கூட்டுவதா குறைப்பதா என்று ஒரு சண்டை நடக்கும். அக்கா வேலைக்குச் சேர்ந்த வாரம் தொடங்கிய சண்டை அது. அவள் போன பிறகும் நடப்பதாகக் கேள்வி. இதையெல்லாம் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? நானே பார்க்க மாட்டேன். ஆகவே தொலைக்காட்சிக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது.

[கோபம் கிடையாது என்று நான் சொல்வதற்குக் காரணம்—]

காரணம் கிடைக்கவில்லை. மேலே போகலாம்.

3

நிகழ்ச்சிக்கு ஒரு பெயர் உண்டு. அதை எழுத எனக்கு அனுமதி இல்லை. படிவத்தில் கையெழுத்துப் போட்டால் உண்டு, ஐந்தாம் பத்தி.

விஷயம் இதுதான். பதினோரு போட்டியாளர்களை உண்மையான பத்திரிகை அலுவலகம் ஒன்றில் பத்து வாரம் உட்கார வைப்பார்கள். வாரம் ஒரு பரீட்சை. தோற்றவர் பெட்டியை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கதவு வழியாக வெளியே போவார். கடைசியில் மிஞ்சுபவருக்கு நிருபர் வேலை. உண்மையில் அந்த அலுவலகத்தில் யாரும் பெட்டியோடு வெளியே போனதில்லை. வேலையை விட்டவர்கள்கூட மேசை இழுப்பறையில் பாதிப் பொருளை விட்டுவிட்டுத்தான் போவார்கள், மறுபடி வந்து ஒரு டீ குடிக்க ஒரு சாக்கு வேண்டும் அல்லவா.

படப்பிடிப்புக் குழு வந்த முதல் நாளே ஒரு காரியம் செய்தது. செய்தி அறைச் சுவர்க்கடிகாரம் ஏழு நிமிடம் முன்னால் ஓடும். நிருபர்களை முடுக்குவதற்காக எந்தக் காலத்திலோ யாரோ அப்படி வைத்தது. எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் மனத்துக்குள் ஏழைக் கழித்துக்கொள்வார்கள். குழுவினர் அதைச் சரியான நேரத்துக்குத் திருத்தி, பக்கத்தில் சிவப்பு எண் ஓடும் ஒரு பெரிய கடிகாரத்தையும் மாட்டினார்கள். நிருபர்கள் பழக்கதோஷத்தில் ஏழைக் கழித்துக்கொண்டே இருந்ததால் இரண்டு நாள் எல்லாப் பக்கங்களும் தாமதமாகப் போயின. பத்திரிகை வரலாற்றில் கடிகாரம் சரியாக ஓடியதால் நாளிதழ் தாமதமானது அந்த ஒரு முறைதான் இருக்கும் என்றாள் அக்கா. அந்தத் தாமதத்தைப் படம் பிடித்து, முதல் வாரத்தில் ‘நெருக்கடி’ என்று தலைப்புப் போட்டுக் காட்டினார்கள்.

அக்காவின் வேலை மரணப் பக்கம். யார் இறந்தார்கள், எப்போது, எத்தனை வயது, எங்கே அடக்கம். அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் ‘கன்ஃபார்ம் அக்கா’. ஆசிரியர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். காரணம் அவள் வேலை செய்யும் விதம்.

யாராவது போன் செய்து இன்னார் காலமானார் என்றால், எழுதிக்கொள்வாள். பிறகு சொல்வாள்: “வச்சிடுங்க. நான் திருப்பிக் கூப்பிடறேன்.”

“நம்பர் எழுதிக்கிறீங்களா?”

“வேண்டாம். நானே தேடிக்கறேன்.”

கூப்பிட்டவர் கொடுக்கும் எண்ணை அவள் ஒருநாளும் நம்ப மாட்டாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மதில் தகராறில் ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரைச் செத்தவராக்கி அச்சில் கொண்டுவந்துவிட்டார். மறுநாள் காலை செத்தவர் பத்திரிகையும் கையுமாக வந்து அவள் மேசை எதிரில் நின்றார். அதற்குப் பிறகு இந்தச் சட்டம். எண்ணை அவளே கண்டுபிடிப்பாள். இரண்டு பேர் சொல்ல வேண்டும், ஒருவர் வீட்டு ஆள், இன்னொருவர் வெளி ஆள். ஒருவர் சொன்னதை வைத்துக்கொண்டு யாரையும் சாகடிக்க முடியாது என்பாள்.

இரண்டு பேரும் சொன்ன பிறகு வீட்டு ஆளிடம் கடைசியாக ஒரு கேள்வி கேட்பாள்: “அவங்க எதுல கெட்டிக்காரங்க?”

அந்தப் பதில்தான் ஒவ்வோர் அறிவிப்பிலும் கடைசி வரி. ‘சாவி தொலைந்த பூட்டைத் திறப்பதில் கெட்டிக்காரர்.’ ‘எந்த வீட்டுக்குப் போனாலும் நாய் குரைக்காமல் பார்த்துக்கொள்வதில் கெட்டிக்காரி.’ ‘அளவெடுக்காமல் சட்டை வெட்டுவதில்.’ ஒருமுறை ஒரு மனைவி வெகுநேரம் யோசித்துவிட்டு, “தூங்கறதுல” என்றாராம். அப்படியே போட்டாள். அந்த அம்மா மறுநாள் கூப்பிட்டு நன்றி சொன்னார்.

4

ஆறாவது வாரப் பரீட்சை ஒரு பொய்ச் சாவு.

வானொலியில் முப்பது ஆண்டுகள் வானிலை வாசித்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். அவர் குரல் தெரியாத ஆளே கிடையாது. அவர் காலமாகிவிட்டார் என்று நிகழ்ச்சிக்காரர்களே போன் செய்து போட்டியாளர்களிடம் சொன்னார்கள். யார் செய்தியை முதலில் எழுதி முடிக்கிறார் என்று சிவப்புக் கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தது. பெரியவரிடம் முன்னதாகவே சொல்லிச் சம்மதம் வாங்கியிருந்தார்கள். அக்காவிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. மறந்துவிட்டார்களாம். மரணப் பக்கத்தைப் பார்ப்பவளிடம் மரணத்தைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டார்கள்.

போட்டியாளர்கள் ஓடினார்கள். ஓடச் சொல்லியிருந்தார்கள். பதினொன்றரை நிமிடத்தில் ஆறாம் நம்பர் போட்டியாளர் எழுதி முடித்தார். அக்கா மேசை இழுப்பறையிலிருந்து நோட்டை எடுத்து, அவளே எண்ணைத் தேடி, பெரியவர் வீட்டுக்குப் போன் செய்தாள். செத்தவரே எடுத்தார்.

அவரோடு இருபத்தொரு நிமிடம் பேசினாள்.

ஒளிபரப்பில் இது எப்படி வந்தது என்றால்: அக்கா போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் குரல் கேட்காது. மெதுவான இசை. சிவப்பு எண்கள். பின்னணியில் ஒருவர் கனத்த குரலில் சொல்வார்: “காலம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.” உடனே ஆறாம் நம்பர் கைகளை உயர்த்துவார். உயிரோடு இருப்பவரைக் கொன்ற அவர் அந்த வாரம் வென்றார். இறந்தவர் இறக்கவில்லை என்று கண்டுபிடித்தவள் தாமதத்துக்கு உதாரணமானாள்.

பிறகு ஆசிரியர் அறையிலிருந்து வெளியே வந்து கத்துவார்: “இதுக்கெல்லாம் இங்க இடமில்ல!”

அடுத்த காட்சியில் அக்காவின் முகம், மிக அருகில். கன்னத்தில் ஒரு துளி இறங்குகிறது. கனத்த குரல்: “உதட்டைக் கடித்து அழுகையை அடக்குகிறார், இருபத்தொன்பது ஆண்டு அனுபவசாலி.”

ஆசிரியர் கத்தியது வேறொரு நாள். அவசர வழிக் கதவை மறைத்துக் குழுவினர் விளக்குக் கம்பங்களை அடுக்கியிருந்தார்கள். அவர் கம்பங்களைத்தான் சொன்னார். அக்காவின் துளி கண்ணுக்குப் போடும் சொட்டு மருந்து. மூன்று ஆண்டுகளாகக் கண் வறட்சி. தினமும் நாலு மணிக்கு ஒன்று, பக்கம் முடிந்ததும் ஆறு மணிக்கு ஒன்று.

5

இந்தப் பகுதியை எழுத வேண்டாம் என்றிருந்தேன்.

[அன்று மாலை அக்கா வீட்டுக்கு வந்தபோது நான் ஏழாம் வகுப்பு அறிவியலில்—]

[அன்று மாலை நான் சற்று வேலையாக—]

சரி. நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருந்தோம். அவளும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நானும் செய்துகொள்ளவில்லை. கேட்பவர்களிடம் அக்கா, “இவனுக்குப் பாத்துட்டு எனக்குப் பாக்கலாம்னு இருந்தேன், இவனைக் கன்ஃபார்ம் பண்ண ரெண்டு பேர் கிடைக்கல” என்பாள்.

எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நான் மெய்ப்புகளை வீட்டுக்குக் கொண்டுவருவேன். சாப்பாட்டு மேசையில் அவள் மூலப்படியைச் சத்தமாக வாசிப்பாள், நான் அச்சுப்படியில் ஒத்துப் பார்ப்பேன். ஒவ்வொரு வரி முடிவிலும் நான் “ம்” என்பேன். வரி சரி, அடுத்ததைப் படி என்று அர்த்தம். இருபது ஆண்டு இப்படி. வாரத்துக்கு மூன்று மாலை. ஏழாம் வகுப்புக்குள் எத்தனை தவளைகள் இருக்கின்றனவோ அத்தனையும் அவள் குரலில் என் காதில் விழுந்தவை.

அன்று அவள் கைப்பையை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“டேய், இன்னைக்குச் செத்துப்போனவர்கிட்ட இருபது நிமிஷம் பேசினேன்.”

“ம்.”

“என்ன குரல்டா அது. போன்ல ஈரம் அடிக்குது.”

“ம்.”

“கடைசிக் கேள்வியை அவர்கிட்டயே கேட்டேன். அவர் என்னையே திருப்பிக் கேட்டுட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா?”

“ம்.”

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த வரி வரவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

“கேக்கறியா?”

“கேக்கறேன், நீ சொல்லு.”

“நீ முதல்ல தவளையை முடி. அப்புறம் சொல்றேன்.”

அப்புறம் என்பது பதினோரு மாதம் இருந்தது. நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எனக்கு அது முக்கியமான விஷயம் என்று தெரியாது. அவளுக்கும் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் என் கையிலிருந்து மெய்ப்பைப் பிடுங்கியிருப்பாள், செய்யக்கூடியவள்.

6

ஆறாவது வாரம் ஒளிபரப்பானபோது சேர்ந்துதான் பார்த்தோம். துளி இறங்கியது. இசை ஏறியது. அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

“நல்லாத்தான் அழுதிருக்கேன்.”

“அக்கா, அது மருந்துதானே?”

“பின்ன என்ன? வாயைப் பாரு. உதட்டுல என்ன வெள்ளையா இருக்கு?”

மருந்துப் புட்டியின் மூடி. சொட்டு விடும்போது அவள் மூடியை உதட்டில் கவ்விக்கொள்வாள், கீழே வைத்தால் தொலைந்துவிடும் என்று. உதட்டைக் கடித்து அழுகையை அடக்கியது அப்படி.

மறுநாள் அவள் மருந்து தீர்ந்துவிட்டதென்று கடைக்குப் போனாள். மருந்துக்கடைக்காரர் புட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டு, “மனசு விடாதீங்க மேடம், அந்த ஆளு ஒரு மனுஷனே இல்ல” என்றார். எந்த மருந்தால் அவள் அழுதாளோ அந்த மருந்தையே விற்றுக்கொண்டு ஆறுதல் சொன்னார். பேருந்தில் ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். ஆசிரியர் வீட்டுக்கு நாற்பது பேர் வசைக் கடிதம் எழுதினார்கள். அவர் மனைவியே இரண்டு நாள் பேசவில்லையாம்.

அக்கா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அந்த வாரக் கடைசியில் உட்கார்ந்து ஒரு திருத்தம் எழுதினாள், பத்திரிகையில் வெளியிடுவார்களே அந்த வடிவத்தில்: ‘ஆறாம் வார நிகழ்ச்சியில் கண்ணீர் எனக் காட்டப்பட்டது கண் வறட்சிக்கான சொட்டு மருந்து. தவறுக்கு வருந்துகிறோம்.’ அதை நிகழ்ச்சி இயக்குநரிடம் கொடுத்து, அடுத்த வாரம் வாசியுங்கள் என்றாள். அவர் படித்துவிட்டு வெகுவாக ரசித்தார். “இதை நீங்க எழுதற மாதிரி இன்னொரு தடவை உக்காந்து எழுத முடியுமா அக்கா? கேமரா வச்சுக்கறோம்” என்றார்.

அவள் எழுதவில்லை. அந்தக் காகிதம் என்னிடம் இருக்கிறது.

7

அவள் இறந்ததை நான் கதையாக எழுத மாட்டேன். காலை, சமையலறை, இதயம். மூன்று சொல் போதும்.

பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. நல்ல இடம், படத்தோடு, கறுப்புக் கட்டத்துக்குள். ‘வயது 61’ என்றிருந்தது. அவளுக்கு ஐம்பத்தெட்டு. ‘ஆறாம் வாரத்தில் சிந்திய கண்ணீரால் நேயர்களின் நெஞ்சில் இடம்பிடித்தவர்’ என்றிருந்தது. இரண்டுமே நிகழ்ச்சியின் இணையப் பக்கத்தில் இருந்தவை. கடைசி வரி இல்லை.

யாரும் எனக்குப் போன் செய்யவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த வேலையைத் தெரிந்தவள் அன்று லீவு.* நான் நாள் முழுக்கப் போன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வீட்டு ஆள் நான் ஒருவன்தான், என்னைத்தான் கேட்பார்கள், எதில் கெட்டிக்காரி என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் ஆறு மணிக்குப் பக்கம் முடிந்திருக்கும் என்று எழுந்துவிட்டேன்.

(* இந்த வாக்கியத்தை இரண்டு முறை அடித்து இரண்டு முறை திரும்பச் சேர்த்தேன். அவள் இருந்திருந்தால் விட்டுவைத்திருப்பாள்.)

8

இப்போது படிவம். அதோடு ஒரு பாத்திரமும் வருகிறது, தொலைக்காட்சியிலிருந்து பேசும் பெண். அவளைக் கெட்டவளாக எழுத முயன்றேன்.

[அவள் குரலில் தேன் தடவியிருந்தது. ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டு—]

இல்லை. அவளுக்கு ஜலதோஷம். நடுநடுவே மூக்கை உறிஞ்சி ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்டாள்.

“சார், இரண்டாவது சீசன் வருது. முதல் எபிசோடு மேடத்துக்கு அஞ்சலி. அந்த அழற காட்சியைத்தான் மெயினா வைக்கறோம். மேடம் போட்ட கையெழுத்து அந்த சீசனுக்கு மட்டும்தான். இப்போ நீங்க போட்டாதான் முடியும்.”

“அது அழுகை இல்லம்மா.”

“தெரியும் சார்.”

“தெரியுமா?”

“எடிட்டிங்ல நான் இருந்தேன் சார். மூடி தெரியுது. நான்தான் கொஞ்சம் ஜூம் பண்ணி மூடியை வெளிய தள்ளப் பாத்தேன். முழுசாப் போகல.”

இப்படி உண்மை பேசும் ஆளை வைத்துக்கொண்டு ஒரு கதையில் என்ன செய்வது?

படிவத்தோடு அவள் ஒன்று தருகிறாள். ஆறாம் வாரத்தில் எடுத்து, ஒளிபரப்பாத பகுதி. அக்காவின் சட்டைக் காலரில் மைக் குத்தியிருந்தார்கள். அந்த இருபத்தொரு நிமிடமும் குரலோடு அப்படியே இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் ஒரு பிரதி எனக்கு. போடாவிட்டால் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு பழைய பதிவுகளை எல்லாம் அழித்துவிடுவார்கள், புதிய சீசனுக்கு இடம் வேண்டும்.

என்னிடம் அக்காவின் குரல் இல்லை. ஒரு வினாடிகூட இல்லை. ஒரே வீட்டில் இருப்பவளை யார் பதிவு செய்துவைப்பார்கள்?

“எங்கப்பா வாய்ஸ் மெசேஜ் ஒண்ணு வச்சிருக்கேன் சார்” என்றாள் அந்தப் பெண். “‘வரும்போது குளியலறைக்குப் பல்பு வாங்கிட்டு வா’ன்னு. அவ்வளவுதான். அதையே கேட்டுக்கிட்டிருக்கேன். போடுங்க சார் கையெழுத்து.”

இது உண்மையா, கையெழுத்து வாங்க எல்லாரிடமும் சொல்வதா, எனக்குத் தெரியாது. பல்பு என்றதால் நம்பினேன். பொய் சொல்பவர் இன்னும் நல்ல வசனமாக வைத்திருப்பார்.

9

நேற்று, அலுவலகத்திலிருந்து வாங்கிவந்திருந்த அக்காவின் நோட்டை எடுத்தேன். வானிலைக்காரரின் எண்ணைத் தேடினேன். எண்ணுக்குப் பக்கத்தில் அவள் கையெழுத்தில் ஒரு குறிப்பு: ‘உயிரோடு இருக்கிறார்.’ அதற்குக் கீழே தேதி.

கூப்பிட்டேன்.

“யாரு?” அக்கா சொன்னது சரி. ஈரம் அடித்தது.

“ஐயா, நீங்க இறந்துட்டதா ஒரு அம்மா உங்களுக்குப் போன் பண்ணாங்களே…”

“அடடே, அந்தம்மாவா! நல்லா இருக்காங்களா?”

“நான் அவங்க தம்பி பேசறேன். அக்கா தவறிட்டாங்க ஐயா. ஏழு மாசம் ஆச்சு.”

“கன்ஃபார்மா?” என்றார் அவர்.

“கன்ஃபார்ம்தான் ஐயா.”

“கோவிச்சுக்காதீங்க தம்பி. அன்னைக்கு என்கிட்ட அவங்க அப்படித்தான் கேட்டாங்க. நீங்க உயிரோட இருக்கறது கன்ஃபார்மான்னு. நானும் கொஞ்சம் யோசிச்சுத்தான் ஆமான்னேன்.”

“இருபது நிமிஷம் பேசினீங்களாமே. என்ன பேசினீங்க?”

“மழையைப் பத்தித்தான். முப்பது வருஷத்துல எத்தனை தடவை சொன்னது பலிச்சுதுன்னு கேட்டாங்க. பாதிக்குப் பாதின்னேன். ‘குடுத்து வச்சவரு, எனக்கு ஒண்ணு தப்பினாலும் ஆள் நேர்ல வந்துடறாரு’ன்னாங்க.” சிரித்தார், இருமினார். “அப்புறம் நான் எதுல கெட்டிக்காரன்னு கேட்டாங்க. ‘பெய்யக்கூடும்’னு சொல்றதுலன்னேன். எங்க, நீங்க சொல்லுங்க பாப்போம்னு திருப்பிக் கேட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“என்னமோ சொன்னாங்க தம்பி. அதுல நீங்க இருந்தீங்க. ‘என் தம்பி’ன்னு வந்துது, அது நல்லா ஞாபகம் இருக்கு. ரெண்டு பேரும் ரொம்ப நேரம் சிரிச்சோம். நான் கண்ணைத் தொடச்சுக்கிட்டேன்.”

“என்ன சொன்னாங்கன்னு…”

“எண்பத்திமூணு வயசு தம்பி. சிரிச்சது ஞாபகம் இருக்கு. எதுக்குன்னுதான் போயிடுச்சு.”

10

முடிவுகள்.

[முதல் முடிவு: தம்பி கையெழுத்துப் போடுகிறான். பிரதி வருகிறது. கதவைச் சாத்திக்கொண்டு கேட்கிறான். பதினேழாவது நிமிடத்தில் அக்கா சொல்கிறாள், நான் எதுல கெட்டிக்காரின்னா, என் தம்பி—]

இதை எழுத முடியவில்லை. அவள் வாயில் நான் ஒரு வரியை வைத்தால், அவள் கன்னத்தில் அவர்கள் ஒரு துளியை வைத்ததற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

[இரண்டாம் முடிவு: தம்பி படிவத்தைக் கிழிக்கிறான். அக்காவின் மானம் காப்பாற்றப்படுகிறது. அவன் ஜன்னல் பக்கம் போய்—]

ஜன்னல் பக்கம் போய் என்ன செய்வான்? தொலைக்காட்சியில்தான் மனிதர்கள் முடிவெடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போகிறார்கள். எங்கள் ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. மேலும் அவன் கிழித்தாலும், ஏற்கெனவே போன ஒளிபரப்பு அப்படியேதான் இருக்கும். அழிவது அவள் குரல் மட்டும்.

மூன்றாவதை எழுத ஆரம்பித்தபோது போன் அடித்தது. இது கதைக்காகச் சொல்வதல்ல, அடித்தது. அந்தப் பெண்தான். ஜலதோஷம் குறைந்திருந்தது.

“சார், என்ன முடிவு பண்ணீங்க?”

“ஒரு வரி போட முடியுமாம்மா? அந்தக் காட்சிக்குக் கீழ. இது கண்ணீர் இல்ல, சொட்டு மருந்துன்னு. அக்காவே எழுதி வச்சிருக்கா, அப்படியே தரேன். அதைப் போட்டா இப்பவே கையெழுத்துப் போடறேன்.”

“சார், அதைப் போட்டா அந்த சீன்ல என்ன சார் மிச்சம்? ஒருத்தங்க வேலை முடிச்சிட்டு கண்ணுக்கு மருந்து போட்டுக்கறாங்க. அவ்வளவுதானே?”

“அவ்வளவுதான்.”

“கேட்டுப் பாக்கறேன் சார். ஆனா ஒத்துக்க மாட்டாங்க. நீங்க ஆமாவா இல்லையான்னு இப்ப சொன்னீங்கன்னா—”

“வச்சிடும்மா” என்றேன். “நான் திருப்பிக் கூப்பிடறேன்.”

“எந்த நம்பருக்கு சார்? என் நேர் நம்பர் எழுதிக்கறீங்களா?”

“வேண்டாம். நானே தேடிக்கறேன்.”

வைத்த பிறகுதான் யார் வாக்கியத்தைச் சொன்னேன் என்று உறைத்தது.

நான் மூன்றாவது முடிவை எழுதவில்லை. அதற்குப் பதிலாக அவள் மேசையில் செய்வதுபோல ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினேன். வயது 58. இருபத்தொன்பது ஆண்டுகள் மரணப் பக்கம். ஆறாம் வாரத்தில் அழவில்லை. உறுதி செய்தவர்: வீட்டு ஆள், தம்பி. வெளி ஆள் என்ற இடத்தை விட்டிருக்கிறேன். ஏனென்றால் நான் ஒருவன் சொன்னதை வைத்துக்கொண்டு இதை நீங்கள் நம்பக்கூடாது. அவள் நம்ப மாட்டாள். மூடியை ஜூம் பண்ணி வெளியே தள்ளப் பார்த்த அந்தப் பெண் ஒரு வெளி ஆள்தான். ஆனால் அவள் எழுத்தில் தர மாட்டாள், சம்பளம் வாங்குகிறாள். அந்த ஒளிபரப்பு இன்னும் பார்க்கக் கிடைக்கிறது. முப்பத்திரண்டாவது நிமிடம். கண்ணைப் பார்க்காதீர்கள், எல்லாரும் அதைத்தான் பார்க்கிறார்கள். வாயைப் பாருங்கள். இடது ஓரத்தில், படச் சட்டத்தை விட்டு முழுசாகப் போகாமல், வெள்ளையாக ஒன்று இருக்கும்.

இருந்தால் அந்த இடத்தில் உங்கள் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசி வரிக்கும் இடம் இருக்கிறது, ஒரு வரி அளவுதான். அதை என்ன செய்யலாம் என்று நீங்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். இந்த முறை நிமிர்ந்து பார்த்துக் கேட்பேன்.

இன்னும் வெள்ளிக்கிழமை ஆகவில்லை.